ஏணிச் சேஸிஸா, மோனோகாக்கா? பழைய கார் வாங்குமுன் அடியிலிருந்து பார்க்கும் முறை

மஹிந்திரா ஸ்கார்பியோ-என், எக்ஸ்யூவி 700 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இரண்டிலும் 2.0 லிட்டர் பெட்ரோல், 2.2 லிட்டர் டீசல் எஞ்சின்கள் உண்டு. இரண்டிலும் மூன்று வரிசை இருக்கை கிடைக்கும். இரண்டையும் விற்பவர் எஸ்யூவி என்றுதான் சொல்வார். குனிந்து அடியில் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். ஸ்கார்பியோ-என் தனிச் சேஸிஸ் என்னும் இரும்புச் சட்டத்தின்மேல் பாடியை உட்காரவைத்துப் பூட்டிய வண்டி. எக்ஸ்யூவி 700-க்குத் தனிச் சேஸிஸே கிடையாது, பாடிதான் சேஸிஸ். முதல் வகை ஏணிச் சேஸிஸ், இரண்டாவது மோனோகாக். குண்டும் குழியுமான ரோட்டில், வளைவில், மோதலில், துரு பிடிக்கும்போது, டிங்கரிங் செய்யும்போது இரண்டும் வேறுவேறு விதமாக நடந்துகொள்ளும்.

முதல்முறையாகப் பழைய கார் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் வெளித்தோற்றத்தில் தொடங்கி எஞ்சின் சத்தத்தோடு முடித்துவிடுகிறார்கள். எஞ்சினை இறக்கி வேலை பார்க்கலாம், கியர்பாக்ஸையே மாற்றலாம். வளைந்துபோன, உள்ளுக்குள் துரு தின்ற கட்டமைப்பைக் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுவருவது அப்படி எளிதல்ல. பல நேரங்களில் வண்டியின் விலையையே செலவு தாண்டிவிடும். அதனால் பார்வை அடியிலிருந்து மேலே வரவேண்டும். அதற்கான வரிசைதான் இது.

முதலில், என்னென்ன வகை

ஏணிச் சேஸிஸில் முன்னிருந்து பின்வரை இரண்டு தடித்த நீளச் சட்டங்கள் ஓடும். ஒர்க் ஷாப்பில் லாங் மெம்பர் என்பார்கள். அவற்றைக் குறுக்கே பல கிராஸ் மெம்பர்கள் இணைக்கும். எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாம் இந்தச் சட்டத்தில்தான் பூட்டப்படும். பாடி தனியாகச் செய்யப்பட்டு, ரப்பர் புஷ் வைத்த போல்ட்டுகளால் மேலே உட்காரும். பாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சேஸிஸை மட்டும் ஓட்டிப்போகலாம். லாரி, பஸ் சேஸிஸ்கள் தலைக்கவசம் போட்ட ஓட்டுநரோடு பாடி இல்லாமல் நெடுஞ்சாலையில் போவதையும், கரூரில் பஸ் பாடியோ நாமக்கல்லில் லாரி பாடியோ கட்டிக்கொண்டு வெளியே வருவதையும் பார்த்திருப்பீர்கள். பொலிரோவும் ஃபார்ச்சூனரும் அதே தத்துவத்தின் சிறிய வடிவங்கள்தான்.

மோனோகாக்கில் தரைத்தகடு, ரன்னிங் போர்டு என்று ஒர்க் ஷாப்பில் சொல்லும், கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டித் தகடு, கூரையைத் தாங்கும் பில்லர்கள், கூரை எல்லாம் ஆயிரக்கணக்கான ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளால் ஒரே கூடாக ஒட்டப்படும். காலித் தீப்பெட்டியின் மேலுறையை மட்டும் விரலால் அழுத்தினால் சாய்ந்துவிடும், உள்தட்டைச் செருகியதும் அசையாது. மோனோகாக்கின் பலமும் அப்படிப்பட்டதுதான். எந்த ஒரு தகடும் தனியாகப் பலமானதல்ல, எல்லாம் சேர்ந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. இதனால்தான் ஒரு பில்லரையோ ரன்னிங் போர்டையோ வெட்டி ஒட்டினால் முழு வண்டியும் பலவீனப்படுகிறது.

இது புதுமையும் அல்ல. இத்தாலியின் லான்சியா லாம்ப்டா 1922-லேயே தனிச் சேஸிஸைக் கைவிட்டது. 1934-இல் வந்த பிரான்சின் சித்ரோவன் டிராக்சியோன் அவான் இதைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுபோனது. நம்மூரில் இரும்புக்கோட்டை என்று பேர் வாங்கிய அம்பாசடருக்கும் லாரி மாதிரி தனி ஏணிச் சேஸிஸ் கிடையாது. தகடு தடிமன், அவ்வளவுதான்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும். நடுவில் ஒரே குழாய் அல்லது பெட்டி மட்டும் ஓடும் முதுகெலும்புச் சேஸிஸ் 1962-இன் லோட்டஸ் எலானில் இருந்தது. மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாக ஒட்டிய ஸ்பேஸ் ஃபிரேமுக்கு 1954-இன் மெர்சிடிஸ் 300 எஸ்எல் நல்ல உதாரணம். பக்கவாட்டுக் குழாய்கள் உயரமாக இருந்ததால்தான் அதன் கதவுகள் மேல்நோக்கித் திறந்தன. பந்தயக் கார்களிலும் விலையுயர்ந்த சில கார்களிலும் கார்பன் ஃபைபர் தொட்டி வரும். நம் பழைய கார் சந்தையில் உங்கள் கைக்கு வருவது ஏணி, மோனோகாக் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டும் கலந்ததும் உண்டு: 2005-இல் வெளிவந்த தலைமுறை சுசுகி கிராண்ட் விட்டாராவில் மோனோகாக் பாடிக்குள்ளேயே ஏணிச் சட்டத்தை வெல்டிங்கில் சேர்த்திருந்தார்கள். 2022-இல் அதே பெயரில் வந்த மாருதி கிராண்ட் விட்டாரா முழு மோனோகாக்.

படி 1: பெயரை நம்பாமல் வகையைக் கண்டுபிடியுங்கள்

ஒரே பெயர், வேறு சேஸிஸ் என்பது அடிக்கடி நடக்கும். டாடா சஃபாரி 1998 முதல் 2019 வரை ஏணிச் சேஸிஸ். 2021-இல் திரும்பி வந்த சஃபாரி மோனோகாக். இன்னோவாவும் கிரிஸ்டாவும் ஏணிச் சேஸிஸ், பின்சக்கர இழுவை. 2022 இறுதியில் அறிமுகமான ஹைகிராஸ் மோனோகாக், முன்சக்கர இழுவை. டாக்ஸிக்கு வாங்குபவர் ‘இன்னோவாதானே’ என்று கிரிஸ்டாவின் கணக்கை ஹைகிராஸுக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

பழைய சந்தையில் நிறையக் கிடைக்கும் ஏணிச் சேஸிஸ் வண்டிகள்: பொலிரோ, ஸ்கார்பியோவின் எல்லாத் தலைமுறையும், தார், சைலோ, டாடா சுமோ, குவாலிஸ், இன்னோவா, கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஃபோர்டு எண்டவர், டவேரா, ஜிப்சி, ஜிம்னி, குர்கா, இசுஸு டி-மேக்ஸ். ஆல்டோ, ஸ்விஃப்ட், ஐ20, சிட்டி, எர்டிகா, கிரெட்டா, நெக்ஸான், ஹாரியர், டஸ்டர், எக்ஸ்யூவி 500 எல்லாம் மோனோகாக். ஆம்னியும் ஈக்கோவும்கூட மோனோகாக்தான்.

பட்டியலில் இல்லாத வண்டி வந்தால் பின்சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, டார்ச் அடித்து, முன்பக்கம் நோக்கிப் பாருங்கள். இரண்டு தடித்த சட்டங்கள் ஓடி, அவற்றுக்கும் தரைத்தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற இடைவெளியும், இடையிடையே ரப்பர் வைத்த போல்ட்டும் இருந்தால் ஏணிச் சேஸிஸ். தரைத்தகட்டிலேயே மடித்த தகட்டு வரப்புகள் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தால் மோனோகாக். மோனோகாக்கில் எஞ்சினுக்குக் கீழே போல்ட் போட்ட ஒரு சிறு சட்டம் இருக்கும். அது சப் ஃபிரேம். அதைப் பார்த்து ஏணிச் சேஸிஸ் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

படி 2: உங்கள் பயன்பாட்டோடு பொருத்துங்கள்

பாரம் ஏற்றுவது, டிரெய்லர் இழுப்பது, தோட்டத்துப் பாதை, ஆற்றுப்படுகை, செங்கல் சூளைப் பக்கம் தினமும் போவது என்றால் ஏணிச் சேஸிஸ் சரி. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி வண்டி முறுக்கப்படும்போது முறுக்கைச் சட்டம் தாங்கும். பாடி ரப்பர் புஷ்மேல் ஓரளவு தப்பித்துக்கொள்ளும். விலையாகக் கொடுப்பது எடை, மைலேஜ், வளைவில் சாய்வு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏணிச் சேஸிஸ் வண்டியில் பின்வரிசையில் உட்கார்ந்து போனவருக்கு இந்தச் சாய்வை விளக்கவேண்டியதில்லை.

தினசரி நகரம், நெடுஞ்சாலை, குடும்பப் பயணம் என்றால் மோனோகாக் போதும். எடை குறைவு, தரை தாழ்வு, உள்ளே இடம் அதிகம், ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான் பொருத்தமானது என்பது எங்கள் உறுதியான கருத்து.

‘சேஸிஸ் வண்டிதான் பாதுகாப்பு’ என்பது மட்டும் காலாவதியான பேச்சு. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் 2022-இல் ஸ்கார்பியோ-என் பெரியவர்கள் பாதுகாப்பில் 5 நட்சத்திரம் பெற்றது. 2024-இல் பொலிரோ நியோ பெற்றது 1. இரண்டும் ஏணிச் சேஸிஸ். மோனோகாக்கான நெக்ஸான் 2018-லேயே 5 வாங்கிவிட்டது. மோதலின் வேகத்தை முன்பகுதி நசுங்கி உள்வாங்கிக்கொள்ள வேண்டும், ஆட்கள் உட்காரும் கூடு நசுங்கக்கூடாது. அந்த வடிவமைப்பு இருக்கிறதா என்பதே கேள்வி. சோதனை அறிக்கையைப் பார்க்கும்போது நட்சத்திர எண்ணிக்கையோடு பாடி ஷெல் நிலையானது, நிலையற்றது என்று எழுதியிருக்கும் வரியையும் தேடிப் படியுங்கள். இதே மாதிரி இந்தியாவே நடத்தும் சோதனையான பாரத் என்கேப் 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது.

படி 3: பாடி வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஹேட்ச்பேக்கில் டிக்கியும் பயணிகள் அறையும் ஒரே வெளி. பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கும். செடானில் டிக்கி தனி அறை. பின்சீட்டுக்குப் பின்னால் வரும் குறுக்குத் தகடு கூட்டை இறுக்கமாகப் பிடிப்பதால், ஒரே அளவு வண்டியில் செடான் பின்பக்கம் சத்தம் குறைவாக இருக்கும். எம்பிவி அல்லது எம்யூவி என்பது மூன்று வரிசை, தாழ்ந்த தரை, உயரக் கூரை. எர்டிகா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எஸ்யூவி என்ற சொல் இன்று தோற்றத்தை மட்டும் குறிக்கிறது. உயரமான ஹேட்ச்பேக்கும் அந்தப் பெயரில்தான் விற்பனைக்கு வருகிறது. பின்கூரை சரிந்த டாடா கர்வ், சித்ரோவன் பசால்ட் போன்றவற்றைக் கூபே எஸ்யூவி என்கிறார்கள். பின்சீட்டில் ஆறடி ஆளை உட்காரவைத்துத் தலை இடிக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எஸ்டேட், திறந்த கூரை, இரண்டு கதவுக் கூபே எல்லாம் நம் சந்தையில் அபூர்வம்.

வீட்டில் முழங்கால் வலிக்காரர்கள் இருந்தால் வடிவத்தைவிட ஒரு அளவு முக்கியம்: தரையிலிருந்து சீட் மேல்பரப்பு வரை உள்ள உயரம். அது அவர் வீட்டில் வழக்கமாக உட்காரும் நாற்காலியின் உயரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஏறி இறங்க எளிது. செடானில் குனிந்து இறங்கவேண்டும், ஏணிச் சேஸிஸ் வண்டியில் காலைத் தூக்கி ஏறவேண்டும். உயரக் கூரை ஹேட்ச்பேக்கும் எம்பிவியும் நடுவில் வசதியாக அமையும். டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிடுங்கள்.

4 மீட்டருக்குள் முடியும் வண்டிகளைப் பற்றி ஒரு செய்தி. நீளம் 4 மீட்டருக்கு மிகாமலும், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசி, டீசல் 1500 சிசிக்கு மிகாமலும் இருந்தால் வரி குறைவு. இந்த வரம்புக்காகத்தான் 2012-இல் வந்த ஸ்விஃப்ட் டிசையர் 3995 மி.மீ.க்குச் சுருக்கப்பட்டது. இப்படி டிக்கி குறுகிய வண்டிகளில் பின்பம்பருக்கும் பின்தரைக்கும் நடுவே இடம் குறைவு. பின்னால் நடுத்தர இடி வாங்கினாலே ஸ்டெப்னி பள்ளம் வரை நசுங்கியிருக்கலாம். படி 6-இல் அந்த இடத்தைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

படி 4: கையில் எடுத்துப்போக வேண்டியவை

நல்ல டார்ச், 5 மீட்டர் டேப், மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தம், கைப்பிடி வைத்த கண்ணாடி, படுத்துப் பார்க்க ஒரு பாய், ஸ்குரூடிரைவர், சாக்பீஸ், கொத்தனார் தூக்குக்குண்டு. பெயிண்ட் தடிமன் அளக்கும் மீட்டர் கிடைத்தால் மிக நல்லது. விற்பவர் சம்மதித்தால் பக்கத்து வாட்டர் சர்வீஸில் வண்டியை ஏற்றித் தூக்கிப் பார்த்துவிடலாம், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். அங்கே போனாலும் கழுவுவதற்கு முன்னால் பாருங்கள். எண்ணெய்க் கசிவும் புது வெல்டிங்கும் தூசியோடு இருக்கும்போதுதான் தெளிவாகத் தெரியும். அடி முழுக்க நேற்று அடித்தது போல் கறுப்பு அண்டர்கோட்டிங் பளபளத்தால், எதை மறைக்கிறது என்று கேட்கத் தயங்காதீர்கள்.

படி 5: சேஸிஸ் எண்

17 எழுத்தும் இலக்கமும் கலந்த எண் தகட்டில் நேரடியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஏணிச் சேஸிஸில் பெரும்பாலும் நீளச் சட்டத்தின்மேல் இருக்கும். மோனோகாக்கில் எஞ்சின் அறையின் பின்சுவரிலோ முன்சீட் அருகே கம்பளத்துக்குக் கீழோ இருக்கும். வண்டியின் கையேட்டில் இடம் போட்டிருக்கும். ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் இந்த எண்ணில் வரவே வராது. ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பக்கூடாது என்பதற்காக நீக்கியவை அவை. ஆர்.சி.யில் அப்படி இருந்தால் பதிவில் பிழை, அல்லது அதைவிட மோசமான ஏதோ ஒன்று.

எண்ணை ஆர்.சி.யோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். பிறகு எண்ணைச் சுற்றியுள்ள தகட்டைப் பாருங்கள். எழுத்துகளின் ஆழமும் இடைவெளியும் சீராக இருக்கவேண்டும். சுற்றிலும் கிரைண்டர் கீறலோ, எண் இருக்கும் துண்டைச் சுற்றி வெல்டிங் கோடோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்டோ இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். துருவால் எண் மங்கியிருந்தாலும் விற்பவரே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சரிசெய்து தரட்டும். பெயர் மாற்றத்தின்போது சேஸிஸ் எண்ணின் பென்சில் அச்சு எடுக்கக் கேட்டால், தெளிவாக விழாத எண் உங்களுக்குத்தான் தலைவலி.

படி 6: அடிக்கட்டைப் பாருங்கள்

*ஏணிச் சேஸிஸ் என்றால்*

நீளச் சட்டத்தின் தகடு சுமார் 3 மி.மீ. தடிமன் என்பதால் மேல்துரு கண்டு பயப்படவேண்டாம். காவி நிறப் பொடி பரவாயில்லை. அப்பளம் போல் அடுக்கடுக்காக உரிந்துவரும் துருதான் ஆபத்து. அது எங்கே வரும் என்று தெரிந்துகொண்டு நேராக அங்கே போங்கள்: பின் ஆக்சிலுக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் இடம், லீஃப் ஸ்பிரிங் தொங்கும் ஷேக்கிள் பிராக்கெட்டுகள், பாடியைத் தாங்கும் ரப்பர் போல்ட்டுகள் (பாடி மவுன்ட்) உட்காரும் கைகள், பின்கோடியின் கடைசி கிராஸ் மெம்பர். பெட்டி வடிவச் சட்டத்தில் தண்ணீர் வடியும் துளைகள் சேற்றால் அடைத்துக்கொண்டால் துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் சட்டம் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் அங்கே சேறு அடைத்திருக்கிறது, அல்லது தகடு மெலிந்திருக்கிறது. சென்னைக் கடலோரம், ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் ஓடிய வண்டி என்றால் இதற்கு அரைமணி நேரம் ஒதுக்கினாலும் தப்பில்லை.

அடுத்து வெல்டிங். ஸ்டியரிங் பாக்ஸ் பூட்டும் இடம், முன் சஸ்பென்ஷன் கைகள் பூட்டும் இடம், கிராஸ் மெம்பர் மூலைகள் ஆகியவற்றில்தான் விரிசல் தொடங்கும். கம்பெனி வெல்டிங் ஒரே அகலத்தில் சீராக ஓடும். கையால் போட்டது குண்டுகுண்டாக, சுற்றிலும் தெறிப்போடு இருக்கும். சட்டத்தின்மேல் தகட்டை வைத்து ஒட்டுப்போட்டிருந்தால் அதிபாரம் ஏற்றிய வண்டி என்று கொள்ளலாம்.

சட்டம் கோணியிருக்கிறதா என்று பார்க்கத்தான் தூக்குக்குண்டு. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். முன்பக்கம் இடம் வலம் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் ஒரு துளையோ போல்ட்டோ தேர்ந்தெடுங்கள், பின்பக்கமும் அப்படியே. நான்கிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் குறியிடுங்கள். வண்டியை நகர்த்திவிட்டு, குறுக்கே மூலைக்கு மூலை இரண்டு அளவும் எடுங்கள். இரண்டும் ஒன்றாக வரவேண்டும். 3 மி.மீ. வரை உங்கள் கைத்தவறு. 5 மி.மீ.க்கு மேல் போனால் மறுபடி அளங்கள். அப்போதும் அதே வித்தியாசம் வந்தால் ஒரு பக்கச் சட்டம் இடியில் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. முன்மூலையில் லாரியோ மரமோ மோதிய வண்டிகளில் இந்தக் கோணல் வரும். வெளியே பம்பர், பானட், ஃபெண்டர் எல்லாம் புதிதாக மாற்றி அழகாக நிற்கும், உள்ளே சட்டம் சாய்சதுரமாகியிருக்கும். இப்படிப்பட்ட வண்டி நேர்ரோட்டில் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியபடியே ஓடும்.

பாடி மவுன்ட் புஷ்களில் ரப்பர் வெடித்திருந்தால் வேகத்தடையில் ‘டக்’ என்று ஓர் அடி கேட்கும். இது பெரிய குறையல்ல, தொகுப்பாக மாற்றிவிடலாம். போல்ட் துருவில் இறுகி மாட்டிக்கொண்டு உடைவதுதான் வேலையை நீட்டும், கூலி பேசும்போது அதை நினைவில் வையுங்கள்.

*மோனோகாக் என்றால்*

ஒரு விதியை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். பானட், முன்ஃபெண்டர், கதவு, டிக்கி மூடி, பம்பர் ஆகியவை பூட்டிக் கழற்றுபவை. பில்லர், கூரை, பின்பக்க குவார்ட்டர் பேனல், ரன்னிங் போர்டு, தரை, எஞ்சின் அறையின் உள்பக்கச் சுவர்கள் ஆகியவை வெல்டிங்கில் ஒட்டியவை. முதல் வகையில் அடிபட்டிருந்தால் விலை பேசுங்கள். இரண்டாம் வகையில் அடிபட்டிருந்தால் அந்த வண்டி வேண்டுமா என்றே யோசியுங்கள்.

பானட்டைத் திறங்கள். ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட் தலைகளில் பெயிண்ட் கலையாமல் இருக்கிறதா? ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் ஃபெண்டரைக் கழற்றியிருக்கிறார்கள் என்று மட்டுமே பொருள். அத்தோடு நிறுத்தாமல் உள்ளே போங்கள். ஒர்க் ஷாப்பில் அப்ரான் என்று சொல்லும் உள்சுவர், ஷாக் மேல்முனை உட்காரும் கோபுரம், முன்னோக்கி நீளும் இரண்டு சட்டங்கள் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். முன்சட்டத்தில் சீரான இடைவெளியில் மடிப்புகள் இருக்கலாம். மோதலில் அந்த இடத்தில் நசுங்கட்டும் என்று கம்பெனியே வைத்தவை அவை, இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மட்டும் சுருக்கம், பெயிண்ட் வெடிப்பு, தட்டி நிமிர்த்திய சுத்தியல் தடம் இருந்தால் அது விபத்து.

ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் பொய் சொல்லாது. கம்பெனிப் புள்ளி சுமார் 5, 6 மி.மீ. விட்டத்தில் சிறு குழியாக, சீரான இடைவெளியில் வரிசையாக இருக்கும். மாற்றி ஒட்டிய தகட்டில் குழிக்குப் பதில் மேடு தெரியும், அல்லது கிரைண்டரில் தேய்த்து மழித்திருப்பார்கள், அல்லது புள்ளியே இருக்காது. நான்கு கதவையும் திறந்து, கதவுச் சட்டத்தைச் சுற்றி வரும் ரப்பரான டோர் பீடிங்கை மெதுவாக இழுத்துக் கழற்றி, பில்லர் விளிம்பில் இந்தப் புள்ளிகளை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். பீடிங் திரும்ப உட்கார்ந்துவிடும், எதுவும் கெடாது. இணைப்புகளில் இருக்கும் சீலன்ட்டை நகத்தால் அழுத்துங்கள். பழையது கெட்டியாக இருக்கும். அண்மையில் பூசியது மெத்தென்று அமுங்கும், கோடும் கோணலாக இருக்கும்.

டிக்கியில் கம்பளத்தைத் தூக்கி ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். சோம்பல்பட்டு இதை விட்டுவிடுபவர்கள் அதிகம். பள்ளத்தின் அடியில் சுருக்கம், தட்டிய தடம், தேங்கிய தண்ணீர், சீரற்ற சீலன்ட் எதுவும் இருக்கக்கூடாது. மோதாமலே தண்ணீர் இருந்தால் டெயில் லைட் ரப்பரோ கதவு பீடிங்கோ கசிகிறது. சன்ரூஃப் உள்ள வண்டியில் கூரை மூலைகளிலிருந்து பில்லர் வழியாக இறங்கும் வடிகுழாய் அடைத்துக்கொண்டு, முன்கம்பளம் ஈரமாகும். இது துருவில் முடியும், ஆனால் ஆரம்பத்தில் பார்த்துவிட்டால் சிறு வேலைதான்.

வெளியே வந்து கதவு, பானட், டிக்கி இடைவெளிகளைப் பாருங்கள். 3 முதல் 5 மி.மீ. வழக்கம். அளவைவிடச் சீர்மைதான் முக்கியம். மேலே 3, கீழே 7 என்று விரிந்தால் கதவு ஹிஞ்சோ பில்லரோ நகர்ந்திருக்கிறது. காந்தத்தை எல்லாத் தகட்டிலும் ஒட்டிப் பாருங்கள். ஒரே தகட்டில் ஓரிடம் மட்டும் நழுவினால் அடியில் பட்டி (பள்ளத்தை நிரப்பிப் பூசும் பசை) இருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே ஒட்டாதது இயல்பு. மீட்டர் இருந்தால் கம்பெனிப் பெயிண்ட் பெரும்பாலும் 90 முதல் 150 மைக்ரானுக்குள் காட்டும். 200-ஐத் தாண்டினால் மறுபெயிண்ட், 500, 1000 என்றால் பட்டி. கதவில் பட்டி இருப்பது ஒன்று. கூரையிலோ பில்லரிலோ பட்டி இருப்பது வேறு. உருண்ட வண்டியாக இருக்கலாம்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி வெள்ளம் ஆகியவற்றில் மூழ்கிய கார்கள் கழுவித் துடைக்கப்பட்டுக் கைமாறியிருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுநீர்க் கோடு அங்கே மாட்டிக்கொண்டிருக்கும். சீட் ஓடும் தண்டவாள போல்ட்டுகளில் துரு, டேஷ்போர்டுக்குக் கீழே கம்பிகளின் இடுக்கில் காய்ந்த வண்டல் ஆகியவையும் சாட்சி. மோனோகாக்கில் ரன்னிங் போர்டு மூடிய பெட்டி என்பதால் உள்ளே போன சேறு ஈரத்தைப் பிடித்துவைத்து, தகட்டை உள்ளிருந்து அரிக்கும். மூன்று நான்கு ஆண்டு கழித்துத்தான் வெளியே கொப்புளமாகத் தெரியும்.

மின்சாரக் கார் என்றால் தரைக்கு அடியில் பேட்டரிப் பெட்டிதான் பெரும்பகுதி. அதன் அடித்தகட்டில் கல் இடித்த குழிவு, ஓரத்தில் ஜாக்கி அழுத்திய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். குழிவு இருந்தால் கம்பெனி சர்வீஸில் பேட்டரி சோதனை முடியாமல் பணம் கொடுக்கவேண்டாம்.

படி 7: ரோட்டிலும் அலைன்மெண்ட் கடையிலும்

ஆளில்லாத சமதளச் சாலையில் 40 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங்கைத் தளர்த்திப் பிடியுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் முதலில் டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிறகு வீல் அலைன்மெண்ட் கடைக்குப் போய், சரிசெய்வதற்கு முன்னால் எடுக்கும் அளவுச்சீட்டை அச்சிட்டுக் கேளுங்கள். சரிசெய்த பிறகு எடுப்பதில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும், அதனால் பயனில்லை. முன்சக்கரங்களின் கேம்பர் கோணம், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு, இடத்துக்கும் வலத்துக்கும் அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டால் கவனம். பல சிறிய கார்களில் கேம்பரைச் சரிசெய்ய வழியே வைத்திருக்க மாட்டார்கள். அங்கே வித்தியாசம் வந்தால் வளைந்தது ஷாக்கா, சக்கரத்தைப் பிடித்திருக்கும் நக்கிளா, சப் ஃபிரேமா, பாடியா என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கவேண்டும்.

படி 8: அடிபட்ட வண்டியை எந்த இடத்தில் மறுப்பது

ஏணிச் சேஸிஸில் சட்டத்தின் நுனி மட்டும் வளைந்து, கம்பெனி முறையில் நிமிர்த்தியிருந்தால் விலை குறைத்து வாங்கலாம். நடுப்பகுதி வெட்டி ஒட்டியது என்றால் வேண்டாம். மோனோகாக்கில் பில்லர், ரன்னிங் போர்டு, ஷாக் கோபுரம் மூன்றில் எது வெட்டி ஒட்டப்பட்டிருந்தாலும் எங்கள் பதில் வேண்டாம் என்பதுதான். இன்றைய கார்களில் நடுப்பில்லர் பெரும்பாலும் சூட்டில் அச்சடித்துக் கடினப்படுத்திய போரான் எஃகு. கேஸ் டார்ச்சால் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தினால் வடிவம் திரும்பும், கடினம் திரும்பாது. அடுத்த பக்கவாட்டு மோதலில் அந்தப் பில்லர் உள்ளே வந்துவிடும். பெயிண்டுக்குமேல் பார்த்து யாராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை அவ்வளவு வலியுறுத்துகிறோம்.

இன்சூரன்ஸ் கிளெய்ம் வரலாற்றையும் கேட்டு வாங்குங்கள். பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். அப்படிப்பட்ட வண்டிகளும் ஏலத்தில் எடுக்கப்பட்டு, ஒட்டப்பட்டு, சந்தைக்குத் திரும்பி வருகின்றன.

வாங்கிய பிறகு

மோனோகாக்கில் ஜாக்கி வைக்க ரன்னிங் போர்டின் கீழ்விளிம்பில் இரட்டைக் காடி போட்ட இடங்கள் நான்கு இருக்கும். அங்கே தகடு உள்ளே தடிப்பாக்கப்பட்டிருக்கும். கொஞ்சம் தள்ளிவைத்தாலும் விளிம்பு மடங்கும், பெயிண்ட் உடையும், துரு அங்கேதான் தொடங்கும். பஞ்சர் கடையில் இறங்கி நின்று இடத்தைக் காட்டுங்கள். ஏணிச் சேஸிஸில் சட்டத்தின் அடியிலோ ஆக்சிலிலோ கையேடு சொல்லும் இடத்தில் வையுங்கள்.

முன்னால் இரும்பு கிராஷ் கார்டு போடவேண்டாம். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதைச் சட்டவிரோதம் என்று மாநிலங்களுக்குத் தெரிவித்தது. நசுங்க வேண்டிய பகுதியை நசுங்கவிடாமல் தடுத்து இடியை நேராகச் சட்டத்துக்குக் கடத்துகிறது, ஏர்பேக் சென்சாரின் கணக்கையும் குழப்புகிறது, நடந்துபோகிறவர்மேல் பட்டால் காயத்தையும் கூட்டுகிறது. கூரையை வெட்டுவது, சட்டத்தை நீட்டுவது போன்ற மாற்றங்கள் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் சிக்கும்.

ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்ததும் கதவுகளின் அடிவிளிம்பு, ரன்னிங் போர்டு, ஏணிச் சட்டம் மூன்றிலும் உள்ள வடிதுளைகளைப் பழைய டூத்பிரஷ்ஷாலோ மெல்லிய பிளாஸ்டிக் குச்சியாலோ குத்தி விடுங்கள். கம்பி வேண்டாம், பெயிண்டைச் சுரண்டிவிடும். பிறகு அடிப்பகுதியைத் தண்ணீரால் அலசி, கதவுகளைத் திறந்துவைத்து வெயிலில் காயவிடுங்கள். கடலோர ஊரில் இருப்பவர்கள் சட்டத்தின் உள்பக்கம் மெழுகு வகைத் துருத்தடுப்பு அடித்துக்கொள்ளலாம். வெளியே தார் போல் பூசுவதைவிட உள்ளே அடிப்பதற்கே செலவழியுங்கள். பூசும் நாளில் சட்டம் முழுக்கக் காய்ந்திருக்கவேண்டும், ஈரத்தின்மேல் பூசினால் துருவைப் பூட்டி வைத்ததாகிவிடும்.